கொத்து யார் கையில்? - தரவுத்தள மென்பொருளுக்கு விலை வைத்த கதை

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் அரிசியை நிறுத்து விற்கும் வழக்கம் பரவுவதற்கு முன்னர் கொத்தால் அளந்தே விற்றார்கள். கொத்து என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்குபவர் சும்மா இருந்துவிடுவதில்லை. வியாபாரி குவித்து அளக்கிறாரா, தலைதட்டி அளக்கிறாரா, கொத்தின் அடி உள்ளே மேடாக இருக்கிறதா என்பதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். வியாபாரி வாயால் சொல்லும் எண் பாதி விலைதான், மீதிப் பாதி அவருடைய கையில் இருக்கும் அளவையில் இருக்கிறது என்பதை எழுத்தறியாத முதியவர்களும் அறிந்திருந்தார்கள். உலகின் பெரிய வங்கிகளும் அரசாங்கங்களும் தமது பேரேடுகளைக் காக்கும் மென்பொருளை வாங்கியபோது இந்தச் சிறிய விடயத்தில் கோட்டை விட்டன. கடந்த அரை நூற்றாண்டில் அந்த மென்பொருளின் விலை எவ்வாறு வளர்ந்தது என்பதை அளவையின் பக்கமாக நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரவுத்தளம் என்ற சொல் சில வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றலாம். வங்கியில் உங்கள் கணக்கின் மீதி, வைத்தியசாலையில் உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு, விமானத்தில் உங்கள் ஆசன இலக்கம், ஓய்வூதியப் பட்டியலில் உங்கள் பெயர் ஆகிய யாவும் எங்கோ ஒரு கணினியில் அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பத்திரமாகக் காத்து, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டாலும் தடுமாறாமல் எடுத்துக் கொடுப்பது தரவுத்தள மென்பொருளின் வேலை. ஒரு நிறுவனம் தன் கணக்குகளை அதனுள் ஏற்றிவிட்டால் பின்னர் வேறொன்றுக்கு மாறுவது எளிதன்று. வாடகை வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு பாரவூர்தி போதும். இதுவோ கிணறு, வேலி, பனைகளோடு வளவையே பெயர்த்துக்கொண்டு போகும் வேலை. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1960களில் மென்பொருளுக்கெனத் தனி விலை பெரும்பாலும் இருக்கவில்லை. கணினித் தொழிலை ஆண்ட ஐ.பி.எம். நிறுவனத்திடம் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் மென்பொருளும் பயிற்சியும் பொறியியலாளரின் உதவியும் கூடவே வந்தன. அரிசி வாங்கினால் சாக்கு இலவசம் என்பது போல. 1969 ஜனவரி 17 ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களம் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏகபோகத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 23 இல் மென்பொருளையும் சேவைகளையும் இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனித்தனியே விலை வைக்கப் போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. அதற்காக இயந்திரங்களின் விலையில் குறைக்கப்பட்டது 3 வீதம் மாத்திரமே. வழக்கு 13 ஆண்டுகள் இழுபட்டு 1982 இல் கைவிடப்பட்டது. ஆனால் மென்பொருள் என்பது விற்பனைப் பண்டம் என்ற நிலை 1969 இலேயே பிறந்துவிட்டது. கையால் தொட முடியாத, பிரதி எடுக்கச் செலவேயில்லாத ஒரு பண்டத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியும் அதனோடு கூடவே பிறந்தது.

மறு ஆண்டு ஜூனில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய எட்கர் கொட் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இவர் ஓர் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் விமானியாக இருந்தவர். தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று மாத்திரம் கேட்டால் போதும், அதை எப்படித் தேடி எடுப்பது என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய கருத்தின் சாரம். இன்று உலகை இயக்கும் தரவுத்தளங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் வாரிசுகள். ஐ.பி.எம். அதை விற்பனைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை. பழைய முறையிலான தரவுத்தளம் ஒன்று அதற்கு நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. ஓடுகிற கடைக்கு எதிரே தானே இன்னொரு கடை திறக்க யார்தான் விரும்புவர்? எனினும் ஆய்வு நடந்தது; ஆய்வு முடிவுகள் பகிரங்கமாக வெளியாகின.

அவற்றைப் படித்தவர்களுள் லரி எலிசன், பொப் மைனர், எட் ஓட்ஸ் ஆகிய மூவரும் அடங்குவர். 1977 இல் சுமார் 2,000 டொலர் முதலுடன் கலிபோர்னியாவில் ஒரு சிறு கம்பனியை ஆரம்பித்தார்கள். அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு வேலையின் குறிப்பெயரையே தம் பண்டத்துக்கும் ஒராக்கிள் என்று சூட்டினார்கள். 1979 இல் அது விற்பனைக்கு வந்தபோது அதன் பெயர் ‘இரண்டாம் பதிப்பு’. முதலாம் பதிப்பு என்று ஒன்று சந்தைக்கு வரவேயில்லை. முதற் பதிப்பை எவரும் நம்பி வாங்கமாட்டார்கள் என்பதால் அவ்வாறு பெயரிட்டார்களாம். எண்களைக் கையாளும் சாதுரியம் அந்த நிறுவனத்துக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று நான் இதைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பதுண்டு. ஐ.பி.எம். தனது சொந்தக் கண்டுபிடிப்பை 1981 இலும் 1983 இலும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஒராக்கிள் முந்திவிட்டிருந்தது.

அந்த நிறுவனத்தின் பொறியியல் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல வகைக் கணினிகளிலும் ஒரே விதமாக ஓடும் தரவுத்தளம் என்பது 1980களில் பெரிய சாதனைதான். ஆனால் அதன் விற்பனைப் பிரிவின் வேகம் அதன் பொறியியலைவிடப் பிரசித்தமானது. இன்னும் கைக்கு வராத வருமானத்தை வந்ததாகக் கணக்கில் எழுதும் பழக்கம் 1990 இல் அம்பலமாகியது. நிறுவனம் முதற் தடவையாக நட்டத்தை அறிவித்தது. ஊழியரில் பத்தில் ஒரு பங்கினரை நீக்கியது. 1993 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 100,000 டொலர் தண்டம் விதித்தது.

சரி, அளவைக்கு வருவோம். ஆரம்பத்தில் இயந்திரத்தின் பருமனைப் பார்த்து விலை சொன்னார்கள். பின்னர் ஆட்களை எண்ணினார்கள். 1990களின் நடுப்பகுதியில் நான் பணிபுரிந்த பத்திரிகை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவுக்குக் கணினி முறைமை வாங்கியபோது, வந்திருந்த விற்பனை முகவர் முதலில் கேட்டது, “எத்தனை பேர் பாவிப்பீர்கள்?” என்பதே. பிரிவின் பொறுப்பாளராக இருந்த பெரியவர், “தம்பி, ஆட்கள் பன்னிரண்டு, கதிரைகள் ஐந்து. நீர் எதற்குக் காசு கேட்கிறீர்?” என்று திருப்பிக் கேட்டார். பெயர் குறித்த பாவனையாளருக்கு ஓர் அனுமதிப்பத்திரமா, ஒரே நேரத்தில் பாவிப்பவர்களின் தொகைக்கு அனுமதிப்பத்திரமா என்று உலகெங்கும் சட்டத்தரணிகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த வினாவை அவர் ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

இணையம் வந்ததும் இந்தக் கணக்குக் குலைந்தது. வங்கியின் இணையத்தளத்துக்கு நாளை எத்தனை பேர் வருவார்கள் என்று யார் அறிவார்? ஆகவே ஆட்களை விட்டுவிட்டு மீண்டும் இயந்திரத்தை அளக்கத் தொடங்கினார்கள். 1990களின் இறுதியில் ஒராக்கிள் புகுத்திய ‘வலு அலகு’ முறை இவற்றுள் மிக விசித்திரமானது. கணினியின் இதயமான செயலி ஒரு விநாடியில் எத்தனை மில்லியன் துடிப்புத் துடிக்கிறது என்பதைக் குறிக்கும் மெகாஹேர்ட்ஸ் எண்ணே விலையின் அடிப்படை. 500 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் செயலிகள் நான்கு இருந்தால் 2,000 அலகுகள். அதே வேகமுள்ள வேறொரு வகைச் செயலிகள் நான்கு இருந்தால், ஒன்றரையால் பெருக்கி 3,000 அலகுகள். பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதிய, வேகமான கணினியை வைத்தால், ஏற்கெனவே வாங்கிய மென்பொருளுக்கே மேலும் பணம் கட்ட வேண்டும். செயலிகளின் வேகம் ஓரிரு வருடங்களில் இரட்டிப்பாகிக்கொண்டிருந்த காலம் அது. வயலில் விளைச்சல் கூடக் கூடக் குத்தகை கூடுவது போன்ற இந்த ஏற்பாட்டை வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். மைக்ரோசொப்ட் அப்போது செயலி ஒன்றுக்குச் சுமார் 20,000 டொலர் என்று நேராக விலை சொல்லிக்கொண்டிருந்தது. 2001 ஜூன் நடுப்பகுதியில் எலிசன் வலு அலகைக் கைவிட்டு, உயர் பதிப்புக்குச் செயலி ஒன்றுக்கு 40,000 டொலர் என்று புதிய விலையை அறிவித்தார்.

இந்த அறிவிப்புக்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன்னர், 2001 மே 31 ஆம் திகதி, கலிபோர்னியா மாநில அரசு ஒராக்கிள் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. ஆறு வருடங்கள், 95 மில்லியன் டொலர். போட்டிக் கேள்வி கோரப்படவில்லை. லொஜிகொன் என்ற இடைத்தரகு நிறுவனம் பேரத்தை முடித்து வைத்தது. மே 31 என்பது ஒராக்கிள் நிறுவனத்தின் நிதியாண்டு முடியும் நாள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்குள் கையொப்பமிடாவிட்டால் கழிவு கிடைக்காது என்று சொல்வது இந்த வியாபாரத்தின் மாமூல் உத்தி.

ஒப்பந்தம் 270,000 பாவனையாளர்களுக்கானது. மாநிலத்தின் மொத்த ஊழியர் தொகையைவிட அது கூடுதல் என்று அப்போதைய பத்திரிகைகள் சுட்டிக்காட்டின. தரவுத்தளத்தைத் தம் வாழ்நாளில் தொடப்போகாத வீதிப் பராமரிப்பு ஊழியரும் சிறைக்காவலரும் அந்த எண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ளக் கணினி அறிவு தேவையில்லை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற வாதத்தில் 111 மில்லியன் டொலர் வரை மிச்சம் பிடிக்கலாம் என்ற மதிப்பீட்டை முன்வைத்தது யார்? பேரத்தில் ஆதாயமடையவிருந்த லொஜிகொன் நிறுவனமே. மாநிலத்தின் மூன்று திணைக்களங்கள் ஒப்பந்தத்துக்குத் தலையசைத்தன. எந்தெந்தத் திணைக்களத்துக்கு எத்தனை அனுமதிப்பத்திரம் தேவை என்று முறையாக விசாரித்து அறியவில்லை. கொத்தை வியாபாரியே கொண்டுவந்தார், அவரே அளந்தார், எத்தனை கொத்து வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

2002 ஏப்ரலில் மாநிலக் கணக்காய்வாளர் எலெய்ன் ஹவ்ல் தமது அறிக்கையை வெளியிட்டார். மிச்சம் ஒருபுறமிருக்க, ஒப்பந்தம் இல்லாதிருந்தால் செலவாகக்கூடிய தொகையைவிட 41 மில்லியன் டொலர் வரை மேலதிகமாக மாநிலம் செலுத்த நேரிடலாம் என்று அறிக்கை கூறியது. கைச்சாத்திட்டுப் பத்து மாதங்கள் கழிந்த பின்னரும் அந்த ஒப்பந்தத்தின் கீழ் ஒரு திணைக்களம்கூடப் புதிய அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவில்லை. பின்னர் இன்னொன்றும் வெளிவந்தது. கையொப்பமிட்ட சில நாட்களுக்குள், ஆளுநர் கிறே டேவிஸின் தேர்தல் நிதிக்கென 25,000 டொலர் காசோலை ஒன்று, தலைநகர் சக்ரமெண்டோவின் மதுச்சாலை ஒன்றில் வைத்து, ஒராக்கிள் தரப்பினரால் ஆளுநரின் தொழில்நுட்ப ஆலோசகரிடம் கையளிக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தத்துக்கும் காசோலைக்கும் தொடர்பில்லை என்று ஆளுநர் தரப்புக் கூறியது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் மாநிலத்துக்கு இலாபகரமானதே என்று ஒராக்கிள் தொடர்ந்து வாதிட்டது. ஆலோசகர் பதவி விலகினார். தகவல் தொழில்நுட்பத் திணைக்களத்தின் தலைவர் இடைநிறுத்தப்பட்டார். ஆயுளை நீடிக்கச் சட்டசபை மறுத்ததால் அத்திணைக்களமே 2002 ஜூலையில் இல்லாதொழிந்தது. அதே மாதத்தில் ஒப்பந்தமும் இரத்துச் செய்யப்பட்டது.

இது நடந்தது கணினித் தொழிலின் தாயகமான கலிபோர்னியாவில். ஒராக்கிள் தலைமையகமும் அப்போது அந்த மாநிலத்திலேதான் இருந்தது. அயல்வீட்டுக்காரருக்கே இப்படி அளந்திருந்தால் தூரதேசத்து அமைச்சுகளுக்கு எப்படி அளந்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கலிபோர்னியாவில் ஒரு கணக்காய்வாளர் அறிக்கை எழுதினார், அதைப் பத்திரிகைகள் பிரசுரித்தன, சட்டசபை விசாரித்தது. அதனால் நமக்குக் கதை தெரிகிறது. அவ்வளவே வித்தியாசம்.

செயலிக்கு இவ்வளவு என்ற எளிய கணக்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரே செயலிக்குள் இரண்டு, நான்கு என்று பல கணிப்பு மையங்களை வைக்கும் தொழில்நுட்பம் வந்தது. தொழிலில் இவற்றைக் ‘கோர்’ என்பர். இரட்டை மஞ்சட்கரு உள்ள முட்டையை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா? வெளியே தெரியும் செயலியையே எண்ணுவோம் என்று மைக்ரோசொப்ட் 2004 ஒக்டோபரில் அறிவித்து நற்பெயர் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு கோரையும் ஒரு செயலியாகவே எண்ணுவோம் என்றிருந்த ஒராக்கிள், வாடிக்கையாளரின் எதிர்ப்புக்குப் பின்னர் 2005 ஜூலையில் முக்கால் என்றும், அதே ஆண்டு டிசெம்பரில் இன்டெல் வகைகளுக்கு அரை, சன் நிறுவனத்தின் ஒரு செயலிக்குக் கால், ஏனையவற்றுக்கு முக்கால் என்றும் பெருக்கு எண்களை வகுத்தது. ஐ.பி.எம். 2006 இல் தனக்கெனச் ‘செயலிப் பெறுமதி அலகு’ என்ற வேறோர் அளவையைக் கொண்டுவந்தது. நற்பெயர் வாங்கிய மைக்ரோசொப்ட்கூட 2012 ஆம் ஆண்டுப் பதிப்புடன் கோரை எண்ணத் தொடங்கியது. செயலிக்குச் சுமார் 27,500 டொலர் என்றிருந்த விலையை நான்காகப் பிரித்துக் கோர் ஒன்றுக்கு 6,874 டொலர் என்றது. செயலிக்குக் குறைந்தது நான்கு கோர் வாங்க வேண்டும் என்றும் விதித்தது. நான்கு கோர் உள்ளவருக்கு விலையேற்றம் இல்லை. ஆனால் எட்டு, பத்துக் கோர்கள் கொண்ட செயலிகள் அப்போதே சந்தையில் இருந்தன.

2008 இல் ஒராக்கிள் உயர் பதிப்பின் பட்டியல் விலை செயலிக்கு 47,500 டொலர் ஆகியது. அதன் பின்னர் பல வருடங்கள் அந்த எண் அசையவில்லை. அசைய வேண்டிய தேவை என்ன? தலா 16 கோர் கொண்ட இரண்டு செயலிகள் உள்ள ஒரு சாதாரண சேர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 32 கோர், அதில் அரை 16. பதினாறை 47,500 ஆல் பெருக்கினால் 760,000 டொலர். இதன் மேல் வருடாந்த ஆதரவுக் கட்டணம் 22 வீதம், அதாவது 167,200 டொலர். ஐந்து வருடம் முடிவதற்குள் வாங்கிய விலையை மீண்டும் ஒரு முறை கட்டியாகிவிடும். பட்டியல் விலையில் பெரிய வாடிக்கையாளருக்குக் கழிவு உண்டு என்பது உண்மை. கழிவு எவ்வளவு என்பது அயலவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. இந்தப் பெருக்கு எண் அட்டவணை ஒப்பந்தத்தினுள் அச்சிடப்படுவதுமில்லை. நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, ஒப்பந்தம் அதைச் சுட்டுகிறது. அட்டவணையைத் திருத்தும் உரிமை அதை வெளியிட்டவருக்கே உரியது.

அந்தத் திருத்தம் போட்டியாளரைத் தாக்கும் ஆயுதமாகவும் பயன்படும் என்பது 2010 இல் தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் ஒராக்கிள், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை வாங்கித் தானும் கணினி இயந்திரம் விற்கத் தொடங்கியது. டிசெம்பரில், போட்டியாளரான ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தின் பெரிய இயந்திரங்களில் இருந்த புதிய ஐட்டேனியம் செயலிக்குரிய பெருக்கு எண் அரையிலிருந்து ஒன்றாக்கப்பட்டது. அதே தரவுத்தளம், அதே வேலை, புதிதாக அந்த இயந்திரத்தை வாங்குவோருக்கு இரட்டை விலை. 2011 மார்ச்சில் அந்தச் செயலிக்கு இனி மென்பொருளே எழுதமாட்டோம் என்றும் அறிவித்தார்கள். இந்த இரண்டாவது அறிவிப்பு ஒப்பந்த மீறல் என்று ஹியூலெட் பக்கார்ட் வழக்குத் தொடர்ந்து வென்றது. 2016 இல் யூரிகள் 3 பில்லியன் டொலர் நட்டஈடு வழங்கினர்.

பிறகு கணக்காய்வு. மென்பொருள் வாங்கியவரின் அலுவலகத்துக்கு வந்து, அனுமதித்த அளவுக்கு மேல் பாவிக்கிறாரா என்று பார்க்கும் உரிமையை விற்பவர் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்கிறார். ஒராக்கிள் உயர் பதிப்புடன் சில மேலதிக வசதிகளும் நிறுவப்பட்டு, தொடக்கத்திலேயே திறந்த நிலையில் கிடக்கும். அவற்றுக்குத் தனி விலை. விடயம் தெரியாத ஊழியர் ஒருவர் அவற்றைப் பாவித்தால் மென்பொருள் தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும். தங்குவிடுதி அறையில் குளிர்பானப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, போகும்போது சிட்டை நீட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

கணக்காய்வுச் சண்டைகளில் பெரும்பாலானவை மூடிய கதவுகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒன்று மாத்திரம் வெளியே தெரிந்தது. இனிப்புப் பண்டங்களுக்குப் பெயர்பெற்ற மார்ஸ் நிறுவனம் 2015 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒரு பெரிய கணினித் தொகுதியை மென்பொருளால் பல சிறு கணினிகளாகப் பிரித்துப் பாவிக்கும் முறை அப்போது எங்கும் பரவியிருந்தது. தரவுத்தளம் அதில் ஒரு மூலையில் ஓடினாலும், அது நகர்ந்து செல்லக்கூடிய எல்லா இயந்திரங்களுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பது ஒராக்கிளின் நிலைப்பாடு. ஓர் அறையில் குடியிருப்பவரிடம், கதவுகள் பூட்டப்படவில்லை என்பதற்காக மாளிகை முழுவதற்கும் வாடகை கேட்பதற்கு இது ஒப்பாகும். இந்த நிலைப்பாடு எழுதப்பட்டுள்ள பத்திரமோ, தான் விளக்கத்துக்காக மாத்திரமே என்றும் ஒப்பந்தத்தின் பாகமாகாது என்றும் தன் அடிக்குறிப்பில் தானே சொல்கிறது. தாம் 233,089 பக்க ஆவணங்களைக் கையளித்த பின்னரும் ஒராக்கிள் திருப்தியடையவில்லை என்று மார்ஸ் தன் முறைப்பாட்டில் கூறியது. இரண்டு மாதங்களில் வழக்கு மீளப் பெறப்பட்டது. என்ன விலைக்கு இணங்கினார்கள் என்பது வெளியாகவில்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு வெளிச்சம் கிடைத்திருக்கும்.

மாற்று வழி இருக்கவில்லையா? இருந்தது. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்டோன்பிறேக்கர் 1986 இல் ஆரம்பித்த ஆய்விலிருந்து வளர்ந்த போஸ்ட்கிறே எஸ்.கியூ.எல். எவருக்கும் இலவசம். மொன்டி விடெனியஸ் என்ற பின்லாந்துக்காரர் தம் மகள் ‘மை’யின் பெயரைச் சூட்டி உருவாக்கிய மை எஸ்.கியூ.எல். 2000 ஆம் ஆண்டு முதல் திறந்த மூல அனுமதியின் கீழ் கிடைத்தது. இந்த இடத்தில் எமது நாட்டையும் ஒரு கணம் நினைக்க வேண்டியிருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர், காணாமற் போனவர்களின் விபரங்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கு இலங்கையின் தொண்டர் மென்பொருளாளர்கள் சகனா என்ற முறைமையை எழுதினார்கள். அதன் அடியில் இருந்தது மை எஸ்.கியூ.எல். தரவுத்தளமே. மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. உறவினரைத் தேடி வருபவர்கள் எத்தனை பேர், சேர்வரில் எத்தனை செயலி என்று எவரும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சன் நிறுவனத்தை 7.4 பில்லியன் டொலருக்கு வாங்கியபோது மை எஸ்.கியூ.எல்.லும் ஒராக்கிளின் கைக்கு வந்தது. ஐரோப்பிய ஆணைக்குழு 2009 நவம்பரில் ஆட்சேபம் எழுப்பியது. விடெனியஸ் உலகளாவிய கையெழுத்து இயக்கம் நடத்தினார். 2010 ஜனவரி 21 இல் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. போஸ்ட்கிறே எஸ்.கியூ.எல். இருப்பதால் போட்டி அற்றுப்போகாது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. விடெனியஸ் தம் இளைய மகள் மரியாவின் பெயரில் மரியா டி.பி. என்ற இன்னொரு தரவுத்தளத்தை வளர்க்கத் தொடங்கினார்.

இப்போது பேரேடுகள் பலவும் அமேசன், மைக்ரோசொப்ட் போன்றோரின் முகிற் கணிமை நிலையங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. 2017 ஜனவரியில் ஒராக்கிள் ஓர் அறிவித்தலும் இல்லாமல் தன் இணையத்தளத்தில் இருந்த பத்திரத்தைத் திருத்தியது: போட்டியாளரின் முகிலில் அரைப் பெருக்கு எண் செல்லாது. முன்னர் இரண்டு அனுமதிப்பத்திரங்கள் போதுமாயிருந்த இடத்தில் நான்கு தேவைப்பட்டன. பட்டியல் விலையில் ஒரு சதமும் கூடவில்லை. அமேசன் தனது நுகர்வோர் வர்த்தகப் பிரிவின் சுமார் 7,500 ஒராக்கிள் தரவுத்தளங்களில் கடைசியானதையும் மூடிவிட்டதாக 2019 ஒக்டோபரில் அறிவித்தது. அத்தனை பெரிய, தனக்கென்றே தரவுத்தளம் செய்யத் தெரிந்த நிறுவனத்துக்கும் வளவைப் பெயர்த்துச் செல்லப் பல வருடங்கள் பிடித்தன. பின்னர், 2023 இல் மைக்ரோசொப்ட்டுடனும் 2024 இல் அமேசனுடனும் ஒராக்கிள் கைகோர்த்து, தன் தரவுத்தளத்தை அவர்களின் நிலையங்களுக்குள்ளேயே வைத்து விற்க ஏற்பாடு செய்துகொண்டது.

சன் நிறுவனத்தோடு ஒராக்கிளுக்கு வந்த இன்னொரு சொத்து ஜாவா என்ற நிரல்மொழி. 2023 ஜனவரியில் அதன் வர்த்தகப் பாவனைக்குப் புதிய அளவை அறிவிக்கப்பட்டது. செயலி இல்லை, கோர் இல்லை, பாவனையாளரும் இல்லை. நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கைக்குத் தலைக்கு மாதம் 15 டொலரில் தொடங்கி, தொகை கூடக் கூடக் குறையும் கட்டணம். ஊழியர் என்பதற்குள் பகுதிநேரத்தவரும் தற்காலிகமானவர்களும், வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து நிறுவனத்தின் உள்வேலைகளைச் செய்பவர்களும் அடங்குவர். அவர்களுள் எத்தனை பேர் ஜாவாவைப் பாவிக்கிறார்கள் என்பது கணக்கில் இல்லை.